பாரிஸ் ஒயின் விழாவில் அசடு வழியாமல் இருக்க

கேள்வி: அலுவலக வேலையாக அக்டோபர் தொடக்கத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை பாரிஸில் இருக்கப் போகிறேன். மனைவியும் வருகிறார். உடன் வேலை செய்பவர்கள் ஒயின் விழா, உணவுக் கண்காட்சி என்று ஏதேதோ சொல்கிறார்கள். எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது, ருசி பார்க்க ஆசை உண்டு. மனைவி சுத்த சைவம், குடிப்பதில்லை. எதற்குப் போகலாம்? போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: நல்ல காலமாகப் பார்த்துத்தான் போகிறீர்கள். திராட்சை அறுவடை முடிந்து, புது ஒயின் வெளியே வருகிற பருவம் அது. வாரம் ஒன்று நடக்கும், எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. உங்களுக்கு மூன்று போதும்.

முதலாவது, அக்டோபரில் நடக்கும் மோன்மார்த்ர் அறுவடைத் திருவிழா. பாரிஸ் நகரத்துக்குள்ளேயே, சாக்ரே கேர் தேவாலயம் இருக்கும் குன்றின் பின்புறம், மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கட்டடம் வந்துவிடக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் போராடி, 1933இல் கொடி நட்டார்கள். 1934இலிருந்து விழா. தோட்டம் வடக்குப் பார்த்த சரிவு. வெயில் குறைவாக விழும் இடத்தில் திராட்சை என்ன இனிப்பு கட்டும்? ஆகவே அந்த ஒயினை ருசிக்காக வாங்காதீர்கள். விற்ற பணம் அந்த வட்டாரத்தின் சமூகப் பணிகளுக்குப் போகிறது, அதற்காக வாங்கினால் சரி. உங்களுக்கு வேண்டியது குன்றின் மேல் போடும் கடைகள். பிரான்சின் பல பகுதிகளிலிருந்தும் சீஸ், தேன், சைடர் என்ற ஆப்பிள் மது, ஒயின் என்று கொண்டுவந்து விற்பார்கள். கடைகளைச் சுற்றிப் பார்க்கக் கட்டணமில்லை. சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம், தேர்த்திருவிழாக் கூட்டம்தான். வெள்ளிக்கிழமை மதியம் போங்கள். அபேஸ் ஸ்டேஷனில் இறங்கினால் லிஃப்டில் மேலே வாருங்கள். படி ஏறினால் விழா அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வரும் பொஜொலே நூவோ. செப்டம்பரில் பறித்த காமே திராட்சையில் செய்த புது ஒயினை அன்றுதான் விற்கத் தொடங்கலாம் என்பது விதி. இதற்கென்று தனி இடம் கிடையாது. தெருமுனை பார், உங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கஃபே, எல்லா இடத்திலும் கிடைக்கும். ஒரு கோப்பை போதும். சில பாட்டில்களில் நம் பூவன்பழ வாசனை அப்படியே அடிக்கும், கற்பனை அல்ல. நொதிக்க வைக்கும் முறையிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வருகிற வாசனை அது. ஒயின் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் கேலி செய்வார்கள். விட்டுத்தள்ளுங்கள், புதிதாகக் குடிப்பவருக்குத் துவர்ப்பு குறைந்த இந்த ஒயின் நல்ல தொடக்கம்.

மூன்றாவதுதான் முக்கியம். நவம்பர் கடைசியில் போர்த் த வெர்சாய் கண்காட்சித் திடலில் சுயேச்சைத் திராட்சை விவசாயிகளின் ஒயின் சந்தை நடக்கும். நூற்றுக்கணக்கான மேசைகள். மேசைக்குப் பின்னால் நிற்பவர் விற்பனைப் பிரதிநிதி அல்ல. கொடியை வெட்டியவர், இல்லையென்றால் அவர் மனைவியோ மகனோ. விரலைப் பாருங்கள், தெரிந்துவிடும். நுழைவுச் சீட்டோடு ஒரு கண்ணாடிக் கோப்பை தருவார்கள். அதைத் தண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போக வேண்டியதுதான்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாளியோ குடுவையோ இருக்கும். நம் தாத்தா வீட்டில் வெற்றிலை போட்டுத் துப்ப வைத்திருப்பார்களே படிக்கம், அதேதான். வாயில் ஒயினை இரண்டு சுற்றுச் சுற்றி, அதில் துப்பிவிட வேண்டும். ஊற்றிக் கொடுத்தவர் எதிரிலேயே எப்படித் துப்புவது என்று கூச்சமாக இருக்கும். அங்கே அது மரியாதைக் குறைவே இல்லை. துப்புகிறவரைத்தான் விவரம் தெரிந்தவர் என்று நினைத்து, மேசைக்கு அடியிலிருந்து நல்ல பாட்டிலை எடுப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தடவை 30 மில்லி என்றால், 25 தடவை ஒரு முழு பாட்டில். நான் முதல் வருஷம் துப்ப வெட்கப்பட்டு எல்லாவற்றையும் விழுங்கினேன். மதியம் மெட்ரோவில் எதிர்த்திசையில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய்த்தான் விழித்தேன். நல்லவேளை, இரண்டே ஸ்டேஷன்.

மற்ற நடைமுறையெல்லாம் சுலபம். காலையில் திறந்ததும் போங்கள். வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். சென்ட் வேண்டாம், பக்கத்தில் நிற்பவர் முகர்ந்து பார்க்க முடியாது. முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, இனிப்பு ஒயின் கடைசி. இரண்டுக்கும் நடுவில் கோப்பையைத் தண்ணீரில் கழுவ ஓட வேண்டாம், அடுத்த ஒயினில் ஒரு சொட்டு விட்டுச் சுழற்றிக் கொட்டினால் போதும். எல்லா மேசையிலும் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. “மெர்சி” சொல்லி நகரலாம். ஆனால் பின்னால் ஆள் நிற்கும்போது பத்து நிமிஷம் பேசிவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள்.

என்ன சொல்வது என்ற பயமும் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் ‘தானன்’ என்று பெரிதாகப் பேசுவது நமக்குத் தெரிந்த துவர்ப்புத்தான். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு இவற்றில் எது போலத் துவர்க்கிறது என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். நாக்கை இழுக்கும் துவர்ப்பா, நாவல்பழம் போலக் கொஞ்ச நேரத்தில் அடங்குவதா? இது பிடிபட்டால் பாதி ஒயின் பிடிபட்டது.

இனி உங்கள் மனைவி. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் பன்றி இறைச்சித் துணுக்கு தூவி வரும். அதை அங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. “சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்” என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், அந்தத் துணுக்கும் இல்லாமல். வெங்காய சூப்பைத் தொட வேண்டாம், பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு சேர்ந்திருக்கும். கலெத் என்ற தோசை மாதிரிப் பண்டம் நன்றாக இருக்கும். ஆனால் கல் ஒன்றுதான், முன்னால் போனவருக்கு அதிலேயே ஹாம் என்ற பன்றி இறைச்சியை வாட்டியிருப்பார்கள். சீஸிலும் சிக்கல் உண்டு. நாம் பாலுக்கு மோர் உறை ஊற்றுகிறோம். கோந்தே, ரோக்ஃபோர் போன்ற பேர்போன சீஸ்களுக்குக் கன்றுக்குட்டி போன்ற இளம் விலங்குகளின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை. இதெல்லாம் பார்ப்பாரா, கண்டுகொள்ள மாட்டாரா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவை: சுட்ட செஸ்ட்நட், விவசாயிகளே பிழிந்து விற்கும் ஆப்பிள் சாறு, திராட்சைச் சாறு, அப்புறம் ரொட்டி. பகெத் என்ற நீள ரொட்டியின் பாரம்பரிய வகையில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு என்று 1993 ஆணை கட்டுப்படுத்துகிறது. பாரிஸ் மாநகராட்சி ஆண்டுதோறும் சிறந்த பகெத்துக்குப் போட்டி வைக்கிறது. வென்றவர் ஓராண்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். 2023இல் வென்றவர் இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா. இருபதாம் வட்டாரத்தில், பிரெனே தெருவில் இருக்கிறது அந்தக் கடை. எந்த விழாவும் இல்லாத ஒரு காலையில் இருவரும் போய், சூடாக ஒன்று வாங்கி, நுனியை நடந்துகொண்டே கிள்ளித் தின்னுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம் வந்தால் லா ஷபேல் ஸ்டேஷன் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மோன்மார்த்ர் குன்றிலிருந்து இறங்கி நடந்தே போகலாம்.

கிறிஸ்துமஸ் சந்தைகளுக்கு ஒரு சுற்று போதும். பட்டை கிராம்பு போட்ட சுடு ஒயின் குளிருக்கு இதம், மற்றதெல்லாம் விலைதான்.

வாடகைக் கார் ஓட்டிப் போகாதீர்கள். லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஊருக்குத் திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் சுங்க வரி இல்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவது வாங்கினால் 250 மில்லி மிஞ்சும். நீங்கள் இரண்டு பேர் என்பதால் நாலு பாட்டில் கொண்டுவரலாம். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும், பெட்டியில் போடுங்கள். காலுறைக்குள் நுழைத்து, ஸ்வெட்டருக்கு நடுவில்.