மடக்குச் சுவர் இருக்கட்டும், முதலில் வாசல்களை எண்ணுங்கள்

கேள்வி: அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் ஒரு சமூகக் கூடத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். பக்கத்திலுள்ள யூத ஜெப ஆலயத்தினர் ஆலயத்தை ஒட்டி 3,000 சதுர அடியில் மண்டபம் கட்டப்போகிறார்கள். வாடகைக்கு எங்களுக்கும் தருவார்களாம். ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நோன்பு) நாட்களில் மட்டும் நடுவிலுள்ள மடக்குச் சுவரைத் திறந்து, 300 இருக்கைகள் கொண்ட ஆலயத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். ஒலி புகாத சுவர் என்று விற்பனை முகவர் உறுதி கூறுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

முகவர் காட்டும் ஒலித்தடுப்பு எண் ஆய்வகத்தில் எடுத்தது. உங்கள் மண்டபத்தில் பொய்க்கூரைக்கு மேலே, உத்தரம் வரை யாரும் அடைக்காமல் விட்ட இடைவெளி இருக்கும். குளிர்சாதனக் குழாய் இரண்டு பக்கமும் ஓடும். ஒலி இவற்றின் வழியே தாண்டும். அந்தப் பக்கம் ஜெபம், இந்தப் பக்கம் உங்கள் பிள்ளைகளின் நடன வகுப்பு. முகவரோ அதற்குள் தரகுத் தொகையோடு போயிருப்பார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆள் கணக்கு. ஓஹையோ உட்படப் பல மாநிலங்களின் விதிகளுக்கு அடிப்படையான சர்வதேசக் கட்டட விதிப்படி, மேசை போட்டுப் பந்தி வைத்தால் தலைக்கு 15 சதுர அடி. மண்டபம் 200 பேருக்குத்தான். நாற்காலிகளை மட்டும் நெருக்கிப் போட்டால் தலைக்கு 7; அப்போது 428 பேர். சுவரைத் திறந்தால் ஆலயத்தின் 300 பேரும் சேர்ந்து 728. ஐந்நூறைத் தாண்டினால் மூன்று வெளிவாசல் வேண்டும். சுவரை மூடிய பிறகும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக இரண்டு வாசல் மிஞ்ச வேண்டும். வரைபடத்தில் உங்கள் இரண்டாவது வாசல் ஆலயத்தின் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். பலர் அப்படித்தான் வரைகிறார்கள்.

வழிபாட்டிடம், சமூகக் கூடம் என்ற வகையில் 300 பேரை எட்டினாலே தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் வேண்டும். மடக்குச் சுவர் தீத்தடுப்புச் சுவராகாது என்பதால் பழைய ஆலயத்துக்கும் அந்தச் செலவு வரும். இதை முதல் நாளே சொல்லாமல், வரைபடங்களைக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு நகராட்சி அலுவலகம் ஒரு வரியில் எழுதி அனுப்பும். அனுமதி வாங்கித் தருவதாக வரும் தரகருக்கும் இது தெரியும். வேலை பாதியில் நிற்கும்போதுதான் வாய் திறப்பார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் சமய அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு ஆலயத்துக்கு, உங்களுக்கு அல்ல. நீங்கள் சமய அமைப்பு இல்லை. வாடகை கொடுத்து, ஒப்பந்தமும் போட்டால் உங்கள் நிகழ்ச்சிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தமும் வாடகையும் இல்லாமல் இலவசமாகக் கொடுத்தால் நிலைமை வேறு. உங்கள் கடிதத்தில் வாடகை என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே சாய்தளம், கழிப்பறை ஆகியவற்றை யார் செலவில் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். விலக்கு இருக்கிறது என்று சொல்லி ஆலயக் குழு சாய்தளத்தைத் தள்ளிப்போட்டாலும், கட்டட விதி விடாது.

சமையலறையில் பங்கு கேட்காதீர்கள். யூதர்களின் உணவு விதியான கோஷர் முறையில் இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரங்கள் தனித்தனி. உங்கள் பிரியாணி அண்டா உள்ளே போனால் அவர்களுக்கு அந்த அடுப்பே உதவாது. மண்டபத்தின் மறுமூலையில் உங்களுக்கென ஒரு சமையல் மேடையும் தண்ணீர்க் குழாயும் கேளுங்கள்.