மீனை வைத்துத் தோல் புற்றுநோயை ஆராய்கிறார்களாமே, மீனுக்கும் நம் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

இதே கேள்வியை என் அப்பா என்னிடம் கேட்டார், கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு. "நான் பிடிக்கிற மீனுக்கும் என் காலில் வந்ததற்கும் என்ன தாயி சம்பந்தம்?"

எங்களுக்குப் பாம்பன். அப்பா நாற்பது ஆண்டுகள் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். ஒருநாளும் செருப்போடு படகில் ஏறியதில்லை. குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்புத் திட்டு ஒன்று வந்தபோது, சிப்பி கிழித்த தழும்பு என்றார். அது தடித்த பிறகு கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் கால் ஆணி என்று சொல்லி பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது. ஓரத்தில் நீர் கசிந்த பிறகுதான் வேறு மருத்துவரிடம் போனோம். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய் அது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். அப்பாவுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

மெலனின் என்ற கறுப்பு நிறமியைச் செய்யும் செல்கள் நமக்கும் மீனுக்கும் ஒரே விதமாகப் பிறக்கின்றன. கருவில் தண்டுவடம் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, ஊர்ந்து போய் உடம்பெங்கும் அமர்கின்றன. இதை வரிக்குதிரை மீனில் கண்ணாலேயே பார்க்கலாம். கங்கைச் சமவெளியைச் சொந்த ஊராகக் கொண்ட, விரல் நீளம்கூட இல்லாத மீன். வகுப்பில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். அடியில் கோலிக்குண்டு பரப்பிவிட வேண்டும், இல்லையென்றால் இட்ட முட்டையைத் தாயே தின்றுவிடும். காலை வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மறுநாள் நுண்ணோக்கியில் இதயத் துடிப்பு தெரியும். அதற்கடுத்த நாள் முதுகில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். பிள்ளைகள் நுண்ணோக்கியை விட்டு நகரவே மாட்டார்கள்.

ஆராய்ச்சி பழையதுதான். பிளாட்டி, வாள்வால் மீன் இரண்டும் நம் ஊர் வண்ணமீன் கடைகளிலேயே கிடைக்கும். 1920களின் இறுதியில் இவற்றை இணை சேர்த்தபோது கலப்புக் குஞ்சுகள் சிலவற்றுக்குக் கறுப்புக் கட்டி வருவதை அமெரிக்காவில் மைரன் கார்டனும் ஜெர்மனியில் கர்ட் கோஸ்விக்கும் கண்டார்கள். பிளாட்டியிடம் கேடு செய்யும் மரபணு ஒன்று உண்டு, அதை அடக்கி வைக்கும் இன்னொன்றும் உண்டு. கலப்பில் இரண்டும் பிரிந்துபோகும்போது, அடக்க ஆளில்லாத குஞ்சுக்குப் புற்று வருகிறது. கேடு செய்யும் அந்த மரபணுவை 1989இல் பிரித்தெடுத்தார்கள்.

2005இல் பாஸ்டனில் லியோனார்ட் சோனின் ஆய்வகம் வரிக்குதிரை மீனை எடுத்தது. மனித மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு பிழை இருக்கும். அந்தப் பிழையை மீனின் நிறச் செல்களில் புகுத்தினார்கள். மச்சம் மட்டும் வந்தது. செல்லுக்குக் காவலாக இருக்கும் பி53 மரபணுவும் பழுதாகியிருந்த மீன்களில்தான் மெலனோமா வந்தது. நம் உடம்பில் இத்தனை மச்சங்கள் ஆயுள் முழுக்க மச்சமாகவே இருந்துவிடுவது ஏன் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

என்னை உலுக்கியது 2022இல் ரிச்சர்ட் வைட் குழு வெளியிட்ட ஆய்வு. அப்பாவுக்கு வந்தது வெயிலால் வரும் வகை இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் வருவது. நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா வந்தால் இந்த இடங்களில்தான் அதிகம் வருகிறது. அவ்வகைக் கட்டிகளில் பெருகிக் காணப்படும் சிஆர்கேஎல் என்ற மரபணுவை மீனின் நிறச் செல்களில் ஏற்றிப் பார்த்தார்கள். கட்டிகள் துடுப்புகளில் கிளம்பின! பிராஃப் பிழை இருந்தால் கட்டி பெரும்பாலும் உடம்பில்தான் வரும். 'நீ இருப்பது உடலின் முனை' என்று செல்லுக்கு அடையாளம் சொல்லும் ஹாக்ஸ்13 மரபணுக்கள் மீனின் துடுப்பிலும் நம் கைகால்களிலும் வேலை செய்கின்றன. அந்த அடையாளம் இருக்கும் இடத்தில்தான் சிஆர்கேஎல் வலுப்பெறுகிறது.

அன்று சமையலுக்கு வந்த சங்கரா மீனின் துடுப்பை விரித்துக் காட்டி இதைச் சொன்னேன். அப்பா அதன் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். "அப்படியென்றால் இதுதான் அதற்குக் கால்" என்றார்.

மீனில் பலித்த மருந்தெல்லாம் மனிதரிடம் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பிழை எந்த இடத்தில் நோயாகிறது என்பதை மீன் காட்டித் தருகிறது. அதற்குப் பிறகு மனிதரிடம் தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பாவின் குதிகாலில் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்து மூடினார்கள். இப்போது ரப்பர் காலணி போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து வலை தைக்கிறார். படகிலிருந்து இறங்குகிறவர்களை நிறுத்தி, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டச் சொல்கிறார். சென்ற மாதம் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் தம் கால் கட்டைவிரலைக் காட்டினார். நகத்தடியில் கறுப்புக் கோடு. மறுநாளே நான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பாறையில் இடித்து ரத்தம் கட்டியிருக்கிறது, நகம் வளர வளர அதுவும் நகர்ந்து போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.