படம் எங்கே இருக்கிறது? பக்க வடிவமைப்பில் படங்கள் குறித்த கேள்வி–பதில்

ஈரோட்டிலும் கோவையிலும் உள்ள அச்சகங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில், வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகளிலிருந்து படங்களைப் பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு மலரை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்து, கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கோவை அச்சகத்துக்குப் போனோம். அங்கே திறந்தபோது பாதிப் படங்களுக்கு எதிரே சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி இருந்தது. வீட்டுக் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிந்ததே, ஏன் இப்படி? (பள்ளி ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: நீங்கள் கொண்டுபோன கோப்பில் அந்தப் படங்கள் இல்லை என்பதுதான் காரணம். கண்ட்ரோலும் டி எழுத்தும் அழுத்திப் படத்தை வைக்கும்போது, இன்டிசைன் அதைத் தனக்குள் எடுத்துக்கொள்வதில்லை. படம் வன்தட்டில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியையும், திரையில் காட்டுவதற்கென ஒரு சிறிய மாதிரியையும் மட்டுமே வைத்துக்கொள்கிறது. வீட்டுக் கணினியில் அந்த முகவரியில் படம் இருந்தது, அச்சகக் கணினியில் இல்லை. இன்டிசைனுக்கு முன்னர் பேஜ்மேக்கரும் ஏறக்குறைய இதே வழியில்தான் வேலை செய்தது. 256 கேபிக்கு மேற்பட்ட படமாக இருந்தால், முழுப் படத்தையும் கோப்புக்குள் சேர்க்கவா என்று அது ஒரு கேள்வி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் நம் பகுதியில் ஏராளம்.

அவர்களில் நானும் ஒருவன். ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலருக்காக மூலவர் படத்தைச் சரிசெய்து வேறு பெயரில் சேமித்தேன், பழையதை அழித்துவிட்டேன், பக்கத்தில் புதுப்படத்தை மீண்டும் இணைக்க மறந்தேன். திரையில் மாதிரிப் படம் அழகாகவே நின்றதால் எனக்கு ஐயமே எழவில்லை. பிளேட் போட்டு அச்சாகி வந்த தாளில் மூலவரின் முகம் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கட்டம் கட்டமாக இருந்தது, அந்த ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) முழுவதையும் என் செலவில் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும், நான்தான் படிக்காமல் என்டர் தட்டியிருப்பேன்.

எனவே அச்சகத்துக்குப் போகுமுன், இணைத்த படங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் லிங்க்ஸ் பேனலைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கேள்விக்குறி இருந்தால் படம் காணவில்லை, மஞ்சள் முக்கோணம் இருந்தால் நீங்கள் வைத்த பிறகு படம் திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் சரிசெய்தபின் ஃபைல் மெனுவில் உள்ள பேக்கேஜ் கட்டளையைக் கொடுத்தால், கோப்பு, படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேரும். கோப்பை மட்டும் எடுத்துப் போகாமல் அந்த ஃபோல்டர் முழுவதையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கிரைபஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இதற்குக் கலெக்ட் ஃபார் அவுட்புட் என்று பெயர். கோரல்டிராவில் இம்போர்ட் செய்யும் படம் வழக்கமாகக் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கோப்பு யானையாகப் பெருத்துவிடும். ஃபோட்டோஷாப்பிலிருந்து படத்தைக் காப்பி செய்து இன்டிசைன் பக்கத்தில் நேராக ஒட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அப்படி ஒட்டிய படம் லிங்க்ஸ் பேனலில் வராது, பின்னர் திருத்தவும் வழியில்லை.

கேள்வி: காலமான என் மாமனாருக்கு நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஒரு கல்யாணக் குழுப் படத்தில்தான் அவர் முகம் இருக்கிறது, அதுவும் வாட்ஸ்அப்பில் வந்தது. படத்தில் 72 டிபிஐ என்று காட்டுகிறது. அதை 300 என்று மாற்றினால் போதும் என்கிறார் கடைக்காரர். சரிதானா? (வாசகர், சென்னிமலை)

பதில்: போதாது. 72 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி என்பது படத்தின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. பார்க்க வேண்டியது படத்தின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல்கள் (படத்தை ஆக்கும் நுண்புள்ளிகள்) உள்ளன என்பதையும், அவற்றை எத்தனை அங்குலத்தில் பரப்பப் போகிறோம் என்பதையும்தான். பிக்சல் எண்ணிக்கையை அங்குலத்தால் வகுத்தால் வருவதே அச்சில் கிடைக்கும் உண்மையான தெளிவு, இன்டிசைனின் லிங்க்ஸ் பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ என்று காட்டப்படுவது இதுதான். ஆஃப்செட்டில் வழவழப்பான தாளுக்கு 300, செய்தித்தாள் போன்ற தாளுக்கு 200 அளவு இருந்தால் நிம்மதியாக அச்சடிக்கலாம்.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் வந்த குழுப் படத்தின் அகலம் 1,600 பிக்சல் என்றும், அதில் உங்கள் மாமனாரின் முகம் மட்டும் 200 பிக்சல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் அந்த முகம் 3 அங்குலம் வர வேண்டுமென்றால், 200ஐ 3 ஆல் வகுக்க, 67 பிபிஐதான் கிடைக்கிறது. அதை 300 என்று மாற்றும்போது மென்பொருள் இல்லாத பிக்சல்களை அக்கம்பக்கத்து நிறங்களைக் கொண்டு கற்பனையாக நிரப்புகிறதே தவிர, இல்லாத மீசை முடியைக் கொண்டுவருவதில்லை. மாறாக, கைப்பேசியில் எடுத்த 4,000க்கு 3,000 பிக்சல் படம் அப்படியே வந்திருந்தால், அதில் 72 என்று எழுதியிருந்தாலும் ஏ4 தாள் முழுவதும் தாராளமாக அச்சடிக்கலாம்.

முதலில் அந்தப் படத்தை எடுத்தவரைக் கண்டுபிடித்து, அசல் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது பிக்சல்கள் குறையாது. கல்யாண ஆல்பம் போட்ட ஸ்டுடியோவில் அசல் இருக்க வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டால் முகத்தை ஒன்றரை அங்குலத்துக்குள் வைத்து, சுற்றிலும் வெற்றிடம் விட்டு வடிவமைத்தால் நோட்டீஸ் கௌரவமாகவே இருக்கும். செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். விளம்பரப் படத்துக்கு அது ஆகும், ஆனால் இறந்தவர் முகத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தெளிவாக வரும் அந்த முகம் வேறொருவர் முகமாக இருக்கும், வீட்டுப் பெண்கள் அதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஃபிளெக்ஸ் தட்டிக்கு இந்தக் கணக்கு தளர்வானது. தொலைவிலிருந்து பார்ப்பதால் 4 அடி, அதாவது 48 அங்குலத்துக்கு 4,000 பிக்சல் இருந்தாலே அங்குலத்துக்கு 83 கிடைத்துவிடுகிறது, அது போதும்.

கேள்வி: பின்னலாடை கேட்டலாக்கில் டி-ஷர்ட் நிறங்கள் திரையில் பளிச்சென்று இருக்கின்றன, அச்சில் மங்கிவிடுகின்றன. ராயல் புளூ ஊதாவாகவே வந்துவிட்டது. வெளிநாட்டு பையர் ஷேடு சரியில்லை என்கிறார். (மெர்ச்சண்டைசர், திருப்பூர்)

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் உண்டாகும் ஆர்ஜிபி நிறங்களில், பளீரென்ற பச்சை, ஆரஞ்சு, அடர்நீலம் போன்ற சில, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் எட்ட முடியாதவை. சாயப்பட்டறையில் துணியில் ஏறும் நிறம் தாளிலும் ஏறும் என்று நாம் எதிர்பார்ப்பதில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நீலம் ஊதாவாவதற்குக் காரணம் வேறு. சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் மை ஊதாப் பக்கம் சாயும். படத்தை இந்த நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியபின், நீலப் பகுதியில் மெஜந்தா, சயானைவிட 30 விழுக்காடாவது குறைவாக இருக்கும்படி, நிற அளவை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் வசதியில் இறக்குங்கள். கறுப்பு டி-ஷர்ட்டில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு: நான்கு மைகளின் விழுக்காடுகளையும் கூட்டினால் வருவது 300ஐத் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

இந்தத் திருத்தங்களை இன்டிசைனிலோ கோரல்டிராவிலோ செய்யாமல், ஃபோட்டோஷாப், கிருதா போன்ற படம் திருத்தும் மென்பொருளில் அசல் ஆர்ஜிபி படத்தின் நகலில் செய்யுங்கள். அசலைத் தொடாமல் வைத்திருந்தால் அடுத்த முறை வேறு தாளில் அச்சடிக்கும்போது உதவும். திருத்தும் இடைக்கட்டத்தில் ஜேபெக்காகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும் என்பதால் டிஃப் அல்லது பிஎஸ்டி வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎன்ஜி வடிவத்தில் சிஎம்ஒய்கே கிடையாது.

உங்கள் பையர் தரும் பேன்டோன் எண்ணின் (நிறத்தைக் குறிக்கும் எண்) முடிவில் டிசிஎக்ஸ் என்று இருந்தால் அது பருத்தித் துணிக்கான எண். தாளில் அச்சடிக்கும் மைக்கு அது பொருந்தாது. அதற்கு நெருங்கிய தாள் நிறத்தை ஷேடு புத்தகத்தில் கண்ணால் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்து, அச்சான ப்ரூஃபை (மாதிரித் தாளை) துணியோடு பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கேட்டலாக் நிறம் தோராயமானது என்று ஒரு வரி அச்சிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேள்வி: எழுதிங்கள் சீர் அழைப்பிதழில் வைத்த படத்தில் என் அக்கா குண்டாகத் தெரிகிறார். (வாசகி, பெருந்துறை)

பதில்: படத்தை ஒரு பக்கக் கைப்பிடியால் இழுத்திருக்கிறார்கள். பேஜ்மேக்கரில் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு மூலையை இழுத்தாலே பழைய விகிதம் திரும்பிவிடும். இன்டிசைனில் அப்படித் திரும்பாது; படத்தை மறுபடி வைத்து, கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து மூலையை இழுக்க வேண்டும். ஃபிரேமுக்குள் படம் பொருந்தவில்லையென்றால் இழுக்காமல், விளிம்பை வெட்டிப் பொருத்துங்கள்.

கேள்வி: சிற்றிதழ் ஒன்றில், இரு பத்திக்கு நடுவே படம் வைத்து எழுத்தைச் சுற்றி ஓடவிட்டால், சொற்களுக்கிடையே பெரிய பெரிய ஓட்டைகள் விழுகின்றன. (இதழாசிரியர், பொள்ளாச்சி)

பதில்: எழுத்தை இப்படிச் சுற்றி ஓடவிடும் டெக்ஸ்ட் ராப் என்பது சிறு சொற்களைக் கொண்ட மொழிகளுக்கு வசதியானது. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல்லே தமிழில் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். படத்துக்கு அருகே வரி பாதியாகச் சுருங்கும்போது, இரு ஓரமும் சமமாக நிற்க வேண்டுமென்று மென்பொருள் மீதமிருக்கும் இரண்டு சொற்களை இரு கரைக்கும் தள்ளிவிடுகிறது. படத்தை ஒரு முழுப் பத்தி அகலத்துக்கோ இரு பத்தி அகலத்துக்கோ விரித்து, எழுத்து அதன் மேலும் கீழும் மட்டும் ஓடும்படி அமைப்பதே நல்ல தீர்வு. சுற்றியே ஓட வேண்டுமென்றால், மீதிப் பத்தியில் வரிக்கு நான்கு சொல்லாவது நிற்கும்படி படத்தைச் சிறிதாக்கி, அந்தப் பத்தியை மட்டும் இடது ஓரம் நேராக்கி வலது ஓரத்தை விட்டுவிடுங்கள். படத்துக்கும் எழுத்துக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரே வரி படத்தைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் தொடரும்படி நடுவில் வைப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய மலரில் அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் பாய் பின்னியதுபோல் கோடுகள் வருகின்றன. (வாசகர், தாராபுரம்)

பதில்: அச்சான படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது, அதை மறுபடி புள்ளிகளாக்கும்போது இரு வரிசைகளும் ஒன்றையொன்று வெட்டி அந்தப் பாய் உருவாகிறது. ஸ்கேனர் மென்பொருளில், அச்சுப் புள்ளிகளை மழுப்பும் டீஸ்கிரீன் வசதியை இயக்கி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பிறகு வேண்டிய அளவுக்குக் குறையுங்கள். அசல் புகைப்படம் யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரிப்பது இதைவிடச் சிறந்தது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில்தான் எல்லா நோட்டீஸும் இருக்கின்றன. மாற வேண்டுமா? (அலுவலக உதவியாளர், நாமக்கல்)

பதில்: மாறத்தான் வேண்டும். 2026 அக்டோபருக்குப் பிறகு பப்ளிஷருக்கு ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. இப்போதே ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, உள்ளிருக்கும் படங்களை வலது கிளிக் செய்து 'சேவ் ஆஸ் பிக்சர்' கொடுத்துத் தனி ஃபோல்டரில் எடுத்துவையுங்கள். புதிதாகத் தொடங்குவதற்கு, கட்டணமில்லாத ஸ்கிரைபஸ் போதுமானது.

கேள்வி: அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு எங்கள் குதிரையின் படத்தோடு நோட்டீஸ் போடுகிறோம். குதிரை பக்கத்தின் வெளியே பார்த்து நிற்கிறது. ஃபிளிப் செய்து உள்ளே பார்க்க வைத்தால் என்ன? (குதிரை வளர்ப்பவர், அந்தியூர்)

பதில்: முகம் பக்கத்தின் உள்ளே பார்க்க வேண்டும் என்ற விதி சரிதான், வெளியே பார்க்கும் படம் வாசகரின் கண்ணையும் கூடவே வெளியே இழுத்துச் சென்றுவிடும். மனிதர் படமாக இருந்தாலே திருப்பும்போது சட்டைப்பை வலப்பக்கம் போகும், சேலை முந்தானை தோள் மாறும், பின்னாலிருக்கும் கடைப்பலகை எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறும். உங்கள் விஷயத்தில் இன்னும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது குதிரையின் மயிர்ச் சுழி. படத்தைத் திருப்பினால் இடப்பக்கத்துச் சுழி வலப்பக்கத்துச் சுழியாக மாறிவிடும். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு குதிரையைச் சுற்றிவரும் வியாபாரியிடம் அப்புறம் மென்பொருளின் மேல் பழி போட முடியாது. எனவே குதிரையை அப்படியே விட்டுவிட்டு, அதைப் பக்கத்தின் மறு ஓரத்துக்கு நகர்த்தி, விலையும் விவரமும் கொண்ட எழுத்துப் பகுதியை அது பார்க்கும் திசைக்குக் கொண்டுவாருங்கள்.