இளம் மிஷனரியின் நாள் எதில் கழிகிறது?

கேள்வி: இருபது, இருபத்தைந்து வயதில் அந்நிய நாட்டுக்கு மிஷனரியாகப் போகிறவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அவர்களுக்கு எது பெரிய சவால்?

நான் மிஷனரி அல்ல. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சபை நடத்தும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தொண்டாற்ற வந்த வெளிநாட்டு இளைஞர்கள் சிலருக்கு மாலை வேளைகளில் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் நாளைக் கழிக்கும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், தன் ஒரு நாளை மணி மணியாக எழுதிவைத்துப் போன ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடமாக அவர் கதையைத்தான் சொல்வேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், உடல்நலமும் போதாது. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, ஹென்ரிக் புளூட்சோ என்ற தோழருடன் ஏழு மாதம் கடலில் வந்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 24. சீர்திருத்தச் சபைகளின், அதாவது புராட்டஸ்டன்ட் சபைகளின், மிஷனரிகளில் இந்தியாவுக்கு முதலில் வந்தவர்கள் இந்த இருவர்தான். முன்னால் போனவர் அனுபவம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

வந்த அன்று வரவேற்பும் இல்லை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ் வணிகக் கம்பெனியின் கையில் இருந்தது. அரசர் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்தும், கோட்டைத் தலைவர் ஹாசியஸ் முகம் கொடுக்காமல் அவர்களைச் சந்தைவெளியில் நிற்கவிட்டுப் போய்விட்டார். ஊர் புதிது, வெயில் புதிது, மொழி ஓர் எழுத்தும் தெரியாது. அந்த இரண்டு இளைஞர்களும் அந்தத் தெருவில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இனி அவருடைய நாளுக்கு வருகிறேன். வந்த அடுத்த ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதத்தில் தன் நேரத்தைக் கணக்குக் காட்டுகிறார். காலை ஆறிலிருந்து ஏழு வரை ஞானோபதேசத்தை, அதாவது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைப் பாடத்தை, தமிழில் விளக்குவது. ஏழிலிருந்து எட்டு வரை, முன்பு எழுதிவைத்த தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, முன்பு படித்திராத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. அந்த நான்கு மணி நேரமும் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் கூடவே இருப்பார்கள். புலவர் பொருள் சொல்ல, எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பகல் உணவு, சிறிது ஓய்வு, மீண்டும் ஞானோபதேசம். பிறகு மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடியும் தமிழ் நூல்கள். இரவு ஏழிலிருந்து எட்டு வரை விளக்கொளியில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. யாருடைய நடையில் தானும் பேசவும் எழுதவும் விரும்பினாரோ அவர்களுடைய நூலையே நூறு முறைகூடத் திரும்பத் திரும்பப் படிக்கக் கேட்டிருக்கிறார்.

கூட்டிப் பாருங்கள். நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் மொழிக்கு மட்டும். மிஷனரி என்றதும் பிரசங்கமும் பயணமும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் முதல் ஓரிரண்டு ஆண்டுகள் அவர் ஒரு மாணவர். அதிலும் அரிச்சுவடி மாணவர். தொடக்கத்தில் எழுபது வயது வாத்தியார் ஒருவரை அவருடைய பள்ளியோடு தன் வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். வாத்தியாருக்கோ தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பிறகு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் துணைக்கு வந்தார். ஐரோப்பிய மொழிகள் சில அறிந்தவர். அந்த நட்புக்காக அழகப்பன் பின்னால் ஊரைவிட்டே வெளியேற வேண்டிவந்தது. மிஷனரிகளின் வரலாற்றில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

எட்டே மாதத்தில் சீகன்பால்கு தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் தேறிவிட்டார். 1708-இல் தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு, நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு, குறிப்புகளோடு அட்டவணை எழுதினார். அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். வந்தபோது இந்த மக்கள் கல்வி அறியாதவர்கள் என்று எண்ணியிருந்ததாகவும், நூல்களைப் படித்த பிறகே அந்த எண்ணம் தவறு என்று உணர்ந்ததாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். மதம் மாற்ற வந்தவர்தான். கோயில் வழிபாட்டை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் தன் கருத்து பிழை என்று தெரிந்தவுடன் அதை எழுத்தில் திருத்திக்கொண்ட நேர்மையை நான் மதிக்கிறேன். அந்த இளம் வயதில் அது எளிதல்ல.

சவால் என்று கேட்டீர்கள். வெயில், நோய், தனிமை எல்லாம் உண்டு. அவை எல்லாரும் எதிர்பார்த்துப் போகிறவை. எதிர்பாராத அடி தன் பக்கத்து ஆட்களிடமிருந்து வரும். சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தது தமிழர்கள் அல்லர். நாவிதர் ஒருவரின் விதவைக்கு ஒரு கடன் வழக்கில் நியாயம் கேட்டுப் போனார். ஹாசியஸ் அதைக் கம்பெனி அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதி, 1708 நவம்பரில் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். நான்கு மாதம். எழுதும் பழக்கமுள்ள மனிதருக்குத் தொடக்கத்தில் பேனாவும் தாளும்கூட மறுக்கப்பட்டன. அந்தச் சிறைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். வெளியே வந்து 1711-இல் முடித்தார்.

அச்சிடுவதும் பெரும் பாடாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் ஏற்றிவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அச்சுக்காரரும் வந்து சேரும் முன்பே இறந்துபோனார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ அளவில் பெரியவை, தாள் போதவில்லை. அதனால் பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சில் வந்தது. பழைய தமிழ் அச்சுப் பக்கம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஈய உறைகள்தான் நினைவுக்கு வரும்.

தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய விரிவான நூலை, ஜெர்மனியில் அவருடைய மிஷனுக்குத் துணைநின்றவர்கள் இருந்த ஹாலே நகரத்துக்கு அனுப்பியபோது, புறச்சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற பொருளில் பதில் வந்தது. நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அவர் இறந்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து. கடைசி ஆண்டுகளில் கோபன்ஹேகனில் மிஷன் பொறுப்பில் இருந்த வென்ட் என்பவர், பள்ளி, கட்டடம், அச்சகம் எல்லாம் எதற்கு, அப்போஸ்தலர்களைப் போலக் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராகப் போக வேண்டாமா என்று கடிந்து எழுதினார். ஏற்கெனவே நோயில் நலிந்திருந்தவர் அந்தக் கடிதங்களால் மனம் உடைந்தார். 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36. தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தரங்கம்பாடிக்குப் போனால் அந்த ஆலயத்துக்குள் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இன்று வருகிறவர்களுக்குச் சிறை இல்லை. அம்மாவின் முகத்தை நினைத்த நேரத்தில் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால் அந்தக் கைப்பேசியே சிலருக்குப் பகையாவதைக் கண்டிருக்கிறேன். இரவெல்லாம் வீட்டாரோடு பேசிவிட்டுக் காலையில் பாடத்துக்கு வந்தால் தமிழ் நாக்கில் நிற்பதில்லை. மனம் இன்னும் அங்கேயே இருக்கும். மற்றொன்று மாத அறிக்கை. எத்தனை வகுப்பு எடுத்தாய், எத்தனை பேரைச் சந்தித்தாய் என்று கட்டம் போட்ட தாள் வரும். கற்றுக்கொண்ட சொல்லுக்கு அதில் கட்டம் இல்லை.

என்னிடம் படித்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்கிறேன். 22 வயது. ஒரு விடுதியில் பிள்ளைகளோடு தங்கியிருந்தான். ஒழுங்கான பையன், சொல்லிக்கொடுத்ததை விடமாட்டான். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போகிறேன்" என்று சொல்லக் கூடாது, "போய்வருகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் முதல் வாரமே கற்பித்திருந்தேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. போகும்போதே திரும்பி வருவதைச் சொல்கிற மொழி என்று தன் நோட்டில் எழுதிவைத்திருந்தான்.

விடுதிச் சமையல்கார அம்மாவின் கணவர் இறந்துபோனார். அவன் தானே கேட்டு விசாரித்து அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். ஓரமாக நின்றிருக்கிறான். கிளம்பும்போது அந்த அம்மாவின் முன்னால் வந்து, கைகூப்பி, தெளிவான உச்சரிப்பில், "போய்வருகிறேன், அம்மா" என்று சொல்லியிருக்கிறான்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நமக்கு யாரும் கற்பித்துத் தெரிந்ததில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். அங்கே போய் "மறுபடி வருகிறேன்" என்பது, இந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்பதுபோல. யாரும் அவனைக் கடியவில்லை. ஆனால் சுற்றி இருந்தவர்களின் முகம் மாறியதை அவன் பார்த்துவிட்டான். மாலையில் என் முன்னால் உட்கார்ந்து, "ஐயா, நான் என்ன தவறு செய்தேன்?" என்று கேட்டான். தவறு என்னுடையது. விதியைச் சொன்ன நான் விலக்கைச் சொல்லவில்லை. அதை அவனிடம் சொன்னேன். பதில் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்று அவனுக்குச் சீகன்பால்குவின் இன்னொரு செய்தியைச் சொன்னேன். நூல்களை இத்தனை படித்தும் அவர் அதோடு நிற்கவில்லை. 1712 முதல் 1714 வரை, தமிழர்களிடம் அவர்களுடைய வாழ்க்கை, வழக்கம், நம்பிக்கை பற்றிக் கேள்விகள் கேட்டு, அவர்கள் தமிழில் எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார்கள், அவரும் அவருடைய சக ஊழியர் கிரண்ட்லரும். 99 கடிதங்கள் அச்சில் வந்தன. கிறிஸ்தவர்களின் நடத்தையில் கண்ட குறைகளைத் தமிழர்கள் அவற்றில் முகத்துக்கு நேரே எழுதியிருக்கிறார்கள். அவற்றையும் அவர்கள் மொழிபெயர்த்து அனுப்பினார்கள். சொல்லின் பொருள் சுவடியில் கிடைக்கும். அதை எந்த வீட்டில் சொல்லலாம் என்பதை அந்த வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.

மறுநாளிலிருந்து அவன் கேட்கத் தொடங்கினான். முதலில் விடுதிக் காவலரிடம், பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம். பத்தாம் நாளில் சமையல்கார அம்மாவின் வீட்டுக்கு மறுபடியும் போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டான். அதையும் அங்கே இருப்பவர்களிடமே கேள் என்றேன். காவலர் தன்னோடு அழைத்துப் போயிருக்கிறார். அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கணவர் கடைசியாகப் பேசியதை எல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். பாதிக்கு மேல் புரியவில்லை என்றான். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, காவலர் எழுந்ததும் தானும் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்திருக்கிறான்.

அன்றைய பாடத்தில் நோட்டைத் திறந்து, "துக்கம் விசாரித்தல்" என்று எழுதினான். வழக்கமாகச் சொல்லுக்கு எதிரே தன் மொழியில் பொருள் எழுதுவான். அன்று அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போனான்.