பிரின்சிபல் படிப்பில் இப்போதே சேராதே, தங்கச்சி

பாலக்கோட்டிலிருந்து போய் எட்டு மாதமாக டெக்சாஸில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அக்கா, எம்.ஏ., பி.எட். முடித்திருக்கிறேன். மெட்ரிக் பள்ளியில் 9 வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசி 2 வருடம் வைஸ் பிரின்சிபல். எச்-4 விசாவில், அதாவது வீட்டுக்காரரின் வேலை விசாவோடு ஒட்டி வரும் விசாவில் வந்தேன், போன மாதம்தான் வேலை செய்யும் அனுமதி அட்டை கைக்கு வந்தது. பிரின்சிபல் ஆவதற்கு இங்கே முதுகலைப் படிப்பு இருக்கிறதாமே, அதில் நேராகச் சேர்ந்துவிடலாமா? முடித்தால் வேலை கிடைத்துவிடுமா?"

பாலக்கோடு என்று பார்த்ததும் 'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் ஊத்தங்கரைக்காரி. டெக்சாஸ் போய் 17 வருடமாகிறது, ஒரு மிடில் ஸ்கூலில் அசிஸ்டென்ட் பிரின்சிபலாக இருக்கிறேன். இப்போது லீவுக்கு ஊருக்கு வந்து, திண்ணையில் பெங்களூரா மாங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சேராதே. அதாவது, இப்போதே சேராதே. முதலில் அங்கே ஒரு வகுப்பறையில் இரண்டு வருடமாவது நில்.

டெக்சாஸ் பிரின்சிபல் சான்றிதழுக்கு நான்கைந்து விஷயம் வேண்டும். முதுகலைப் பட்டம், செல்லுபடியாகும் ஆசிரியர் சான்றிதழ், இரண்டு வருட வகுப்பறை அனுபவம், மாநிலம் அங்கீகரித்த பயிற்சித் திட்டம், அப்புறம் இரண்டு தேர்வுகள். உன் பி.எட். நல்ல பி.எட்.தான், ஆனால் அது டெக்சாஸ் ஆசிரியர் சான்றிதழ் ஆகாது. அதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். வைஸ் பிரின்சிபலாக இருந்த இரண்டு வருடத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்பது வகுப்பறையில் நின்ற கணக்கு. ஊரில் வேலை பார்த்த வருடங்களை எவ்வளவு ஏற்பார்கள் என்பது நீ காட்டும் காகிதத்தைப் பொறுத்தது. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பயிற்சித் திட்டத்துக்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. போனில் சொன்னதை நம்பாதே.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஏமாந்தவள். வேறொரு மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் ஆன்லைன் முதுகலை, பெயரெல்லாம் 'எஜுகேஷனல் லீடர்ஷிப்' என்று பளபளவென்று இருந்தது. ஒரு செமஸ்டர் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பட்டம் தருவார்கள், டெக்சாஸ் சான்றிதழுக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள். பட்டம் கல்லூரி தருவது, சான்றிதழ் மாநிலம் தருவது, நடுவில் பரிந்துரை என்று ஒன்று இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றல்ல என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த செமஸ்டர் பணம் போனது போனதுதான். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நம் ஊர்க் கணக்கு மனதில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். பதவி உயர்வுப் பட்டியலான பேனலில் பெயர் வந்தது, 1994இல் அஞ்செட்டிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு எச்.எம்.மாகப் போட்டார்கள். அப்போது அதெல்லாம் ஒன்றாக தருமபுரி மாவட்டம், 2004இல்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது. அப்பாவுக்குக் கிடைத்த பயிற்சி என்ன தெரியுமா? பழைய எச்.எம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாவிக்கொத்து, கேஷ் புக், ஸ்டாக் ரிஜிஸ்டர், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். மறுநாளிலிருந்து அப்பா எச்.எம். இப்போது ஊரிலும் பயிற்சிகள் வந்துவிட்டன. டெல்லியில் நீபா என்ற மத்திய கல்வி நிர்வாக நிறுவனத்தின் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012இலிருந்து இருக்கிறது. ஆனாலும் முதலில் பதவி, பிறகு பயிற்சி என்பதுதான் நாம் பார்த்து வளர்ந்த வழக்கம்.

அங்கே தலைகீழ். முதலில் உன் காசைப் போட்டுப் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளியாக விண்ணப்பிக்க வேண்டும். சீனியாரிட்டி பட்டியல் என்று ஒன்று கிடையாது. டிஸ்ட்ரிக்ட் என்றதும் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வரக் கூடாது. அது பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போர்டு மேலே, அந்த போர்டு வேலைக்கு வைக்கும் சூப்பரின்டென்டென்ட் அதற்குக் கீழே. பிரின்சிபல் பதவிக்கு முன் பெரும்பாலும் அசிஸ்டென்ட் பிரின்சிபல் பதவி, அதற்கு ஒரு இன்டர்வியூ கமிட்டி. அந்தக் கமிட்டியில் உன்னிடம் வேலை பார்க்கப்போகும் ஆசிரியரே உட்கார்ந்திருக்கலாம். "ஒரு ஆசிரியர் வகுப்பு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்கும்போது, அங்கத்து வகுப்பறையில் நின்ற அனுபவம் இல்லாமல் நீ என்ன சொல்வாய்? நான் ஐந்து இடத்தில் தோற்று ஆறாவதில்தான் தேறினேன்.

சரி, படிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். முழு முதுகலை என்றால் பொதுவாக 30இலிருந்து 36 கிரெடிட். ஏற்கெனவே அமெரிக்க முதுகலைக்குச் சமமான பட்டம் இருந்தால் சான்றிதழுக்கான பாடங்களை மட்டும் படிக்கும் வழியும் சில இடங்களில் உண்டு. உன் எம்.ஏ. அப்படி மதிப்பிடப்பட்டால் செலவு மிச்சம். பள்ளிச் சட்டம், பள்ளி நிதி, பாடத்திட்டம், சிறப்புக் கல்வி, ஆசிரியர் வகுப்பைப் பார்வையிடுதல் என்று பாடங்கள் ஓடும்.

நிதிப் பாடம் சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு விஷயம் தூக்கத்தைக் கெடுத்தது. டெக்சாஸில் மாநிலப் பணம் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை வைத்து வருவதில்லை, தினசரி சராசரி வருகையை வைத்து வருகிறது. பிள்ளை வராத நாளெல்லாம் பள்ளியின் பணத்தில் கை வைக்கும். ஏன் ஒவ்வொரு பிரின்சிபலும் காலையில் வருகைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போடுகிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சட்டப் பாடத்தில் 1974ஆம் ஆண்டு ஃபெர்பா சட்டம் வரும். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை இன்னொரு பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியும்படி சொல்லக் கூடாது. ஓபன் டேயில் ரேங்க் கார்டை உரக்கப் படித்து, "பாருங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணு 92" என்று சொல்லிப் பழகிய நமக்கு அது கொஞ்சம் கூச்சமான பாடம்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை உடைத்து எடுத்தது 160 மணி நேரக் களப்பயிற்சிதான். ஒரு பிரின்சிபலின் நிழலில் நின்று வேலை பார்க்க வேண்டும். பஸ் டியூட்டி, சாப்பாட்டுக் கூடம், மழையில் கார் வரிசை, எல்லாம் உண்டு. என் வழிகாட்டி ஒரு பிரின்சிபல் அம்மா, ஓய்வு பெறும் வயது. முதல் வாரமே ஒரு கணக்கு வகுப்பின் பின்வரிசையில் என்னை 45 நிமிடம் உட்கார வைத்தார். டி-டெஸ் என்ற மாநில மதிப்பீட்டு முறைப்படி குறிப்பெடுக்கச் சொன்னார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். "ஆசிரியர் மிக நன்றாக விளக்கினார். மாணவர்கள் ஆர்வமாக இருந்தனர். கரும்பலகை வேலை சுமார்." அவர் பேனாவை வாங்கி 'மிக நன்றாக', 'ஆர்வமாக', 'சுமார்' மூன்றையும் அடித்தார். "இதெல்லாம் உன் மனதில் நடந்தது. வகுப்பில் என்ன நடந்தது?" என்றார். அடுத்த நாள் வேறு மாதிரி எழுதினேன்: 9.12, ஆசிரியர் கேள்வி கேட்டார், நான்கு விநாடி காத்திருந்தார், மூன்று பேர் கை தூக்கினார்கள், மூவரும் முன்வரிசை. 9.20, பின்வரிசையில் ஆறு பேர் நோட்டில் இன்னும் தேதிதான் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் அந்த ஆசிரியரோடு பேச வேண்டும். 24 வருடம் அனுபவம் உள்ள மனுஷி, எதிரே நான். "கிளாஸ் நல்லா இருந்துச்சு, ஆனா" என்று ஆரம்பித்தேன். மேஜைக்குக் கீழே வழிகாட்டியம்மாவின் கால் என் காலில் பட்டது. நிறுத்தி, "பின்வரிசைப் பிள்ளைகள் எப்போது ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவரே குறிப்பைப் பார்த்துவிட்டு, அவர்களை முன்னால் கொண்டுவருகிறேன் என்றார். நம் ஊரில் இன்ஸ்பெக்ஷன் என்றால் ஜீப் வரும் சத்தமும், கொடுக்கும் மெமோவும்தான் எனக்குத் தெரியும். அதைக் கழற்றி வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நீ வைஸ் பிரின்சிபலாக இருந்தவள், உனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கலாம். கோபப்படாதே.

எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் இருந்தேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. ஒரு பையன் மேல் புகார் சொல்ல அவன் அம்மாவை வரச்சொன்னோம். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. நாங்கள் தமிழில் திட்டினோம், பையனே தெலுங்கில் மொழிபெயர்த்தான். அம்மா சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

டெக்சாஸில் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு ஆர்டு என்று ஒரு கூட்டம் போட்டு, அந்தப் பிள்ளைக்கான தனித் திட்டத்தைப் பெற்றோரோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். பெற்றோருக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பாளர் வைப்பது பள்ளியின் சட்டக் கடமை. பயிற்சியில் நான் உட்கார்ந்த முதல் கூட்டத்தில் ஸ்பானிஷ் மட்டும் பேசும் ஒரு அம்மா. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தும் எல்லோரும் வேகவேகமாக முதலெழுத்துச் சுருக்கங்களில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார். அந்தச் சிரிப்பை நான் வேப்பனப்பள்ளியில் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் நிறுத்தலாமா, அம்மாவுக்குப் புரிந்ததை அவர் வாயால் கேட்கலாமா?" என்றேன். அவருக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். என்னை வேலைக்கு எடுத்த இன்டர்வியூவில் நான் சொன்னது இந்த ஒரு கதைதான்.

தேர்வைப் பற்றி அதிகம் பயப்படாதே. இரண்டில் முதல் தேர்வை 268 என்று எண்ணைச் சொல்லித்தான் எல்லோரும் குறிப்பிடுவார்கள். 240 எடுத்தால் தேர்ச்சி. நாம் தேர்வு எழுதியே வளர்ந்தவர்கள். இரண்டாவதான பேஸல்தான் நேரம் தின்னும். களப்பயிற்சியில் நீ உண்மையிலேயே செய்த வேலையை மூன்று பகுதிகளாக ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கோனார் நோட்ஸ் கிடையாது.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது இதுதான். உன் டிஸ்ட்ரிக்டில் சப்ஸ்டிடியூட், அதாவது லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் ஆசிரியராகப் பதிந்துகொள். நாள் கூலி மாதிரிதான், கௌரவம் பார்க்காதே. பத்துப் பள்ளியின் உள்பக்கத்தைப் பார்த்துவிடுவாய். அதோடு மாற்றுவழி ஆசிரியர் சான்றிதழ்த் திட்டம் ஒன்றில் சேர், அதில் சம்பளத்தோடு ஒரு வருடம் வகுப்பெடுக்கலாம். வேலை அனுமதி அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்து வை. புதுப்பிக்காமல் விட்டால் பள்ளி உன்னை உள்ளே விடாது, பிரின்சிபலுக்கு உன்னை எவ்வளவு பிடித்திருந்தாலும்.

காகிதங்களை ஊரில் யாராவது இருக்கும்போதே எடுத்துவிடு. எம்.ஏ. பெரியார் பல்கலைக்கழகம் என்றால் சேலத்துக்கு ஒரு ஆள் போக வேண்டும், பி.எட். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்றால் சென்னைக்கு. டிரான்ஸ்கிரிப்ட் மூடி முத்திரையிட்ட உறையில் வேண்டும், இரண்டு செட்டாக வாங்கு. நம் ஊர்ப் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு மூன்று வருட பி.ஏ.வை மட்டும் தனியாக அனுப்பாதே, சில நிறுவனங்கள் அதை அங்கத்து நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுக்காது. பி.ஏ., எம்.ஏ., பி.எட். மூன்றையும் சேர்த்து அனுப்பு. அனுபவச் சான்றிதழில் நீ எந்த வகுப்புக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை பீரியட் எடுத்தாய் என்று இருக்கட்டும். வெறும் 'நன்னடத்தை நன்று' போதாது. பள்ளி லெட்டர்பேடில் வாங்கி, முடிந்தால் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் மேலொப்பமும் வாங்கி வை.

நான் ஜூலை 10 வரை ஊத்தங்கரையில் இருப்பேன். உன் அப்பாவோ தம்பியோ சான்றிதழ் உறையைக் கொண்டுவந்து கொடுத்தால் பெட்டியில் வைத்து எடுத்து வருகிறேன். கூடவே பாலக்கோட்டு வெல்லம் கொடுத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.