நவம்பரில் புடாபெஸ்ட் போனால் செலவு குறையுமா?

குறையும். நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் 23 ஹங்கேரியின் தேசிய விடுமுறை, நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள் விடுமுறை. இரண்டிலும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். நவம்பர் நடுவில் கிறிஸ்துமஸ் சந்தைகள் தொடங்கியதும் அறை வாடகை மறுபடி ஏறிவிடும். நவம்பர் 1-க்கும் சந்தைகளுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு வாரம்தான் என் தேர்வு.

ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள்: மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். அதனால் காலையிலேயே கிளம்பி, இருட்டியபின் செசெனி வெந்நீர்க் குளத்துக்குப் போங்கள். 1913இல் திறந்தது. குளிர்க்காற்றில் ஆவி பறக்க, திறந்தவெளியில் கழுத்தளவு வெந்நீரில் நிற்கும் அந்தச் சுகம் கோடையில் போகிறவர்களுக்குக் கிடைக்காது!

போக்குவரத்துக்கு 72 மணி நேரச் சீட்டு எடுங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் 200இ பேருந்தும் அதில் அடங்கும். நேரே நகர மையத்துக்குப் போகும் 100இ-க்கு மட்டும் தனிச் சீட்டு. 72 மணி நேரச் சீட்டிலேயே 2ஆம் எண் டிராமில் ஏறினால் டான்யூப் கரையோரமாக நாடாளுமன்றம் வரை பார்த்துக்கொண்டே போகலாம். படகுச் சவாரிக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை என்பேன். 1896இல் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ வழித்தடத்திலும் இதே சீட்டு செல்லும்.

அங்கே நாணயம் யூரோ இல்லை, ஃபோரிண்ட். அட்டை தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயா, ஃபோரிண்டா என்று கேட்டால் ஃபோரிண்ட் என்றே சொல்லுங்கள்; ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் பணம் போய்விடும். ஹங்கேரிக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள்.