தாத்தாவின் பழைய கிளாரினெட்டைப் பழுது பார்க்கலாமா, புதிதாக வாங்கிவிடலாமா?

நீங்கள் சொன்னதிலிருந்து புரிவது இது: பேண்டில் தாத்தா வாசித்த மரக் கருவி, லண்டன் முத்திரை, பேட் (துளையை அடைக்கும் சின்ன மெத்தை) எல்லாம் கிழிந்திருக்கிறது, மேல் துண்டில் ஒரு கோடு. மகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். கடைக்காரர், "இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார்" என்கிறார்.

பேடைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பேட், கார்க், ஸ்பிரிங் எல்லாமே தேய்ந்து மாற்றவேண்டிய சாமான்கள். டயர் போனதற்காக யாரும் சைக்கிளை எடைக்குப் போடுவதில்லை. பார்க்கவேண்டியது மரம், கீ (துளைகளைத் திறந்து மூடும் உலோக நெம்புகோல்), சுருதி மூன்றையும்தான். அதிலும் சுருதியை முதலில் பாருங்கள், ஏனென்றால் அது சரியில்லை என்றால் எந்த ரிப்பேர்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றிவிட்டு, அதற்கு அடுத்த குட்டித் துண்டான பேரலின் மேல் விளிம்பிலிருந்து, அடியில் மணிபோல் விரியும் பெல்லின் அடி வரை டேப் வைத்து அளங்கள். ஏறத்தாழ 59, 60 சென்டிமீட்டர் இருந்தால் இன்றைய வழக்கமான பீ ஃபிளாட், அதாவது நம் கணக்கில் ஆறரைக் கட்டை. 57 சொச்சம்தான் வருகிறது என்றால் அது பழைய ஹை பிட்ச் (உயர்ந்த சுருதி) கருவியாக இருக்கலாம். உடம்பில் எங்காவது ஆங்கிலத்தில் எச்.பி. என்று குத்தியிருக்கிறதா என்றும் தேடுங்கள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசி வரை இந்தச் சுருதியில்தான் வாசித்தன. 'ஏ' சுரம் இன்றைய நொடிக்கு 440 அதிர்வுக்குப் பதில் 452 வாக்கில் நிற்கும், கிட்டத்தட்ட கால் கட்டை தூக்கல். பேரலை வெளியே இழுத்தால் சரியாகிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். மேலே உள்ள துளைகளின் சுரம் அதிகமாக இறங்கும், கீழே உள்ளவை அவ்வளவு இறங்காது. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும்.

மகள் பியானோவோடு மேற்கத்திய முறையில் கற்று கிரேடு தேர்வு எழுதப்போகிறாள் என்றால் ஹை பிட்ச் கருவி உதவாது, அதோடு விட்டுவிடலாம். கர்நாடக சங்கீதம் என்றால் கதை வேறு. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கருவிக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாமே! இதே காரணத்தால் கீ அமைப்பையும் பாருங்கள். 17 கீ, விரல் துளைகளைச் சுற்றி 6 உலோக வளையம் இருந்தால் போம் (Boehm) முறை. பெரும்பாலும் 13 கீயும் ஓரிரண்டு வளையமும் இருப்பது ஆல்பர்ட் முறை. மேற்கத்திய ஆசிரியர் இரண்டாவதைத் தொடமாட்டார். நம் வித்வான்களில் பலருக்கு அதுதான் பிடிக்கும். வளையம் குறைவு என்பதால் துளையை விரலால் பாதி மூடி கமகம் கொண்டுவருவது எளிது. ஆகவே யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அவரிடம் கருவியைக் காட்டுங்கள்.

அப்புறம் அந்தக் கோடு. டார்ச்சைச் சாய்வாக அடித்து, நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் தட்டாமல் வழுக்கினால் மர ரேகையாக இருக்கலாம். தட்டினால் விரிசல். மேல் துண்டின் உச்சியில், டிரில் கீ எனும் சிறு கீகளின் துளைகள் பக்கம்தான் வழக்கமாக விடும். மெல்லிய விரிசலைக் கருங்காலி வகை மரத்தூளும் சூப்பர் குளூவும் வைத்து அடைத்து, தேவைப்பட்டால் உலோக ஊசி (பின்) செருகி இறுக்கிவிடுவார்கள். அதன்பின் பல வருஷம் உழைக்கும். துண்டுகள் பொருந்தும் முனை உடைந்திருந்தாலோ, விரிசல் துளையைக் கடந்து உள்சுவர் வரை ஓடியிருந்தாலோ நான் செலவு செய்யமாட்டேன்.

மேல், கீழ் இரு துண்டுகளிலும் சீரியல் எண் ஒன்றா என்றும் பாருங்கள். பேண்டு செட்டுகளில் இரண்டு கருவிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது சகஜம். பெல்லில் "ஹாக்ஸ் அண்ட் சன்" என்றோ "பூஸி அண்ட் கோ" என்றோ இருந்தால் பெரும்பாலும் 1930க்கு முந்தையது. அந்த வருஷம்தான் இரு கம்பெனிகளும் சேர்ந்தன. பூஸி அண்ட் ஹாக்ஸ் என்றால் அதற்குப் பிந்தையது. அதில் ரீஜென்ட் என்ற மாடல் மாணவர் ரகம், பெரிய செலவுக்குத் தகுதியில்லை. மாடல் எண் 1010 என்றால் உடனே பத்திரப்படுத்துங்கள், அது அவர்களுடைய உயர்ந்த ரகம். ஆனால் உள்துளை அகலமானது, இன்றைய சாதா மவுத்பீஸ் போட்டால் சுருதி சேராது.

கீ வளைந்திருந்தால் பரவாயில்லை, நிமிர்த்தலாம். உடைந்த கீயின் உள்ளே சாம்பல் நிறத்தில் மொரமொரப்பாக இருந்தால் மட்டமான வார்ப்பு, பற்றவைத்தாலும் நிற்காது.

முழுக்கப் பேட் மாற்றும் கூலி ஒரு மலிவான புதுக் கருவியின் விலையை நெருங்கலாம். மரமும் சுருதியும் சரியாக இருந்தால் நான் பழையதற்கே கொடுப்பேன். அந்த விலைக்கு வரும் புதியவற்றில் கீகள் சீக்கிரம் வளைந்துவிடுகின்றன. எது செய்தாலும் நல்ல மவுத்பீஸும், அதில் பொருத்தும் ரீடும் (நாணல் தகடு) புதிதாக வாங்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும்: காய்ந்த மரத்தைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைக்கச் சொல்லி யாராவது கிளம்புவார்கள். வேண்டாம், பேடும் கார்க்கும் நாசமாகும். ரிப்பேர் ஆகி வந்ததும் முதல் சில வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஊதவிடாதீர்கள், வாசித்ததும் உள்ளே துணியை இழுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் காய்ந்த மரத்தில் திடீரென ஈரம் ஏறினால் புது விரிசல் விடும்.